ஒரே நெகட்டிவ், இரண்டு ஸ்கேனர்: எது நல்லது என்று எப்படிப் பார்ப்பது?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் பால் மரம் நின்ற இடமெல்லாம் இப்போது செம்பனை. தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயங்கள் பல இடிந்துவிட்டன. அங்கே வளர்ந்த பிள்ளைகள் ஈப்போ, பினாங்கு, கோலாலம்பூர் என்று பிரிந்து போய்விட்டார்கள். அந்த வாழ்க்கையின் படங்கள் மட்டும் இன்னும் வீடுகளில் கிடக்கின்றன. பிரிண்டுகள் மங்கி, கறை பிடித்து, ஆல்பத்தின் பிளாஸ்டிக்கோடு ஒட்டிப் போயிருக்கும். நெகட்டிவைத் தேடிப் பார்த்தால் அலமாரி மேல்தட்டில் ஏதோ ஒரு மைலோ டின்னுக்குள் ஓரளவு நன்றாகவே இருக்கும். பிரிண்டில் வராமல் போன விவரமும் நெகட்டிவில் இருக்கும். அதனால் ஸ்கேன் செய்வதென்றால் நெகட்டிவிலிருந்து செய்வதுதான் நல்லது.

சரி, எந்த ஸ்கேனரில்? இணையத்தில் தேடினால் இரண்டு ஸ்கேனரில் எடுத்த படங்களை அடுத்தடுத்து வைத்துக் காட்டுவார்கள். ஒன்று பளிச்சென்று இருக்கும், இன்னொன்று மந்தமாக இருக்கும். பளிச்சென்று இருப்பதே நல்ல ஸ்கேனர் என்று முடிவு கட்டிவிடுகிறோம். பெரும்பாலும் அங்கே தெரியும் வித்தியாசம் ஸ்கேனரோடு வந்த சாப்ட்வேர் நம்மைக் கேட்காமல் செய்த திருத்தங்களால் வந்தது. அதை விலக்கிவிட்டு ஸ்கேனரை மட்டும் எப்படிப் பார்ப்பது என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

பெட்டியில் போட்டிருக்கும் எண்

"அண்ணே, இதுல 7200-ன்னு போட்டிருக்கு, அந்த நிக்கான்ல 4000 தான் இருக்கு. அப்ப இதுதானே நல்லது?" என்று கேட்காத ஆள் இல்லை. நியாயமான கேள்விதான். அந்த எண்ணை டிபிஐ என்கிறார்கள். ஓர் அங்குல பிலிமை ஸ்கேனர் எத்தனை புள்ளிகளாகப் பிரித்து எடுக்கிறது என்ற கணக்கு அது. சாதாரண 35 மிமீ நெகட்டிவில் ஒரு படம் 24 மிமீ உயரமும் 36 மிமீ அகலமும் இருக்கும். அதை 4000 டிபிஐயில் எடுத்தால் 21 மெகாபிக்சல் படம் கிடைக்கும். 7200-ல் எடுத்தால் 69 மெகாபிக்சல்.

ஆனால் புள்ளிகளை எண்ணுவது வேறு, விவரத்தைப் பிடிப்பது வேறு. ஸ்கேனரின் சென்சாருக்கு முன்னால் ஒரு லென்ஸ் இருக்கிறது. அது மழுப்பலாகக் காட்டினால், அந்த மழுப்பலை எத்தனை புள்ளிகளாக வெட்டினாலும் மழுப்பல்தான் மிஞ்சும். பால் பிடிக்கப் பெரிய மங்கு மாட்டிவிட்டோம் என்பதற்காக மரம் கூடுதலாகப் பால் கொடுத்துவிடுமா?

உண்மையான திறனை அளக்க ஒரு வழி உண்டு. 1951-ல் அமெரிக்க விமானப்படை வகுத்த ஒரு கோட்டுப் படம் இருக்கிறது. கண்ணாடித் தகட்டில் மூன்று மூன்று கோடுகளாக, போகப் போகச் சிறிதாகிக்கொண்டே போகும். அந்தத் தகட்டை ஸ்கேன் செய்துவிட்டு, எந்த அளவு வரைக்கும் மூன்று கோடும் தனித்தனியாகத் தெரிகின்றன, எந்த இடத்தில் ஒன்றாகக் குழம்பிவிடுகின்றன என்று பார்ப்பார்கள். ஒரு கோடும் அதை ஒட்டிய இடைவெளியும் சேர்ந்தது ஒரு ஜோடி. ஒரு ஜோடியைக் காட்ட குறைந்தது இரண்டு புள்ளிகள் வேண்டும். ஓர் அங்குலம் 25.4 மிமீ. ஆக, ஒரு மில்லிமீட்டருக்கு 64 ஜோடி வரை பிரிந்து தெரிந்தால் 64 × 2 × 25.4, அதாவது ஏறக்குறைய 3250 டிபிஐ. பெட்டியில் எந்த எண் இருந்தாலும் அந்த ஸ்கேனரின் உண்மையான எண் அதுதான்.

இப்படிச் சோதித்தவர்கள் கண்டது கண்ணைத் திறக்க வைக்கும். எப்சன் வி600 ஸ்கேனரில் 6400 என்று போட்டிருக்கும், கிடைப்பது 1600-க்கு அருகில். அதன் பெரிய அண்ணன் வி850-லும் 6400 என்றுதான் இருக்கும், அதில் 2300 அளவுக்குக் கிடைக்கும். பிலிமுக்கென்றே செய்யப்பட்ட பிளஸ்டெக் 8200ஐ தன்னை 7200 என்று சொல்லிக்கொள்கிறது, தருவது 3250 பக்கம். நிக்கான் கூல்ஸ்கேன் 5000 மட்டும் 4000 என்று சொல்லி 3900 தந்துவிடுகிறது. 7200-ஆ 4000-ஆ என்ற அந்தக் கேள்விக்கு இதுதான் பதில். நிக்கான் அதைத் தயாரிப்பதை நிறுத்திப் பல வருடம் ஆகியும் ஆட்கள் பழையதைத் தேடி வாங்குவது இதனால்தான்.

இந்த எப்சன்களைப் போல, கண்ணாடி மேல் தாளை வைத்து எடுக்கும் பிளாட்பெட் ஸ்கேனர்கள் பின்தங்குவது இயல்பு. அவை முதலில் காகிதத்துக்காகப் பிறந்தவை. ஒரு முழு ஏ4 தாளைப் பார்க்க வேண்டிய கருவி, கட்டை விரல் அகலப் பிலிமைப் பார்க்கும்போது அந்த வேலைக்கென்றே செய்த கருவியோடு போட்டி போட முடியாது. நடுவில் கண்ணாடி வேறு.

இந்த எண்கள் வீட்டுப் படத்தில் என்ன செய்கின்றன என்று பார்ப்போம். தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் எடுத்த குரூப் போட்டோ ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கிராணி, மண்டோர், வெட்டுக்காரர்கள் எல்லாரும் வரிசைக்கு முப்பது பேராக நிற்கிறார்கள். 36 மிமீ அகலத்தில் முப்பது பேர் என்றால் ஆளுக்கு ஒரு மில்லிமீட்டர் சொச்சம். முகத்தின் அகலம் அரை மில்லிமீட்டர்தான் வரும். 1600 டிபிஐ திறன் உள்ள ஸ்கேனரில் அந்த முகம் 31 புள்ளி அகலம். 3900-ல் 77 புள்ளி. பாட்டி மூக்குத்தி போட்டிருந்தால் முதல் ஸ்கேனில் அது ஒரே ஒரு புள்ளி. மூக்குத்தியா, தூசியா என்று யாராலும் சொல்ல முடியாது. இரண்டாவதில் அது இரண்டு மூன்று புள்ளி அகலம். எடுத்தவர் கை நடுங்காமல் எடுத்திருந்தால் மூக்குத்தி மூக்குத்தியாகவே தெரியும். முன்வரிசையில் உட்கார்ந்திருப்பது பெரியம்மாவா சின்னம்மாவா என்று வீட்டில் வாக்குவாதம் வந்தால் தீர்த்து வைப்பது இந்த வித்தியாசம்தான்.

அதே வித்தியாசம், மூன்று பேர் மட்டும் நெருங்கி நிற்கும் பிறந்தநாள் படத்தில் அவ்வளவாகத் தெரியாது. முகமே நாலைந்து மில்லிமீட்டர் இருக்கும். அதோடு, எண்பதுகளில் தொண்ணூறுகளில் பல வீடுகளில் இருந்தவை விலை குறைந்த சின்ன கேமராக்கள். ஃபோகஸ் மாற்ற முடியாத பிளாஸ்டிக் லென்ஸ், வேகமான 400 பிலிம், சாயங்கால வெளிச்சம். அந்த நெகட்டிவிலேயே 2000 டிபிஐக்கு மேல் எடுக்க ஒன்றும் இருக்காது. நெகட்டிவில் இல்லாததை எந்த ஸ்கேனரும் கொண்டுவர முடியாது.

சமமாக வைத்துப் பார்ப்பது

இரண்டு ஸ்கேனரை ஒப்பிட வேண்டுமென்றால் ஒரே நெகட்டிவை இரண்டிலும் எடுக்க வேண்டும். வேறு வேறு படத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. நெகட்டிவையும் யோசித்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். தூரத்தில் சின்ன முகங்கள், வெயிலில் வெள்ளைத் துணி, மரத்தடியில் நிழல், மூலையில் ஒரு பெயர்ப்பலகையோ ஓலையோ இருக்கிற படமாகப் பாருங்கள். கோயில் திருவிழாப் படங்கள் இதற்கு மிகவும் பொருத்தம். எல்லாமே ஒரே படத்தில் இருக்கும்.

அடுத்தது ரொம்ப முக்கியம். ஸ்கேன் சாப்ட்வேரில் ஷார்ப்பனிங் என்று ஒன்று இருக்கும். பல சாப்ட்வேர்களில் அது முன்கூட்டியே போட்டு வைக்கப்பட்டிருக்கும். அதை நிறுத்திவிட்டு எடுங்கள். ஷார்ப்பனிங் புதிதாக விவரம் எதையும் கொடுப்பதில்லை. விளிம்புகளில் இருட்டுப் பக்கத்தை இன்னும் இருட்டாக்கி, வெளிச்சப் பக்கத்தை இன்னும் வெளிச்சமாக்கும், அவ்வளவுதான். கண்ணுக்குக் கூர்மையாகப் படும். ஒரு படம் சந்தேகத்துக்கு இடமாகப் பளிச்சென்று இருந்தால் லயத்துக் கூரையும் வானமும் சேரும் கோட்டைப் பெரிதாக்கிப் பாருங்கள். கூரையை ஒட்டி வானத்தில் மெல்லிய வெள்ளைக் கோடு ஓடினால் அது ஷார்ப்பனிங் செய்த வேலை. பட்டணத்து லேபில் நோரிட்சு, ஃபுஜி ஃபிரான்டியர் போன்ற பெரிய மெஷினில் எடுத்துத் தரும் படங்களும் இப்படித்தான் திருத்தி முடித்த நிலையில் வரும். பார்க்க அழகாக இருக்கும், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதையும் உங்கள் வீட்டு ஸ்கேனரின் திருத்தாத படத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது நியாயமில்லை. வேண்டுமானால் கடைசியில் இரண்டுக்கும் தக்க அளவு ஷார்ப்பனிங் கொடுத்துவிட்டு இன்னொரு தடவை பாருங்கள்.

அப்புறம் அளவு. 7200-ல் எடுத்த படத்தைத் திரையில் 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கினால் முகம் பெரிதாக, மழுப்பலாகத் தெரியும். 4000-ல் எடுத்ததை அதே 100 சதவீதத்தில் பார்த்தால் முகம் சின்னதாக, கூர்மையாகத் தெரியும். இதைப் பார்த்து இரண்டாவதே மேல் என்பது தப்புக் கணக்கு. இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்த பிறகுதான் பார்க்க வேண்டும். சின்னதைப் பெரிதாக்கி, பெரிய படத்தின் அளவுக்கு ஏற்றிப் பார்ப்பது நல்லது. இரண்டையும் சுருக்கினால் இரண்டுமே அழகாகத் தெரியும், வித்தியாசம் காணாமல் போய்விடும். போன் திரையில் எல்லா ஸ்கேனரும் நல்ல ஸ்கேனராகத் தெரிவது இதனால்தான். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது மேலும் சுருக்கி நசுக்கிவிடும். ஒப்பிடத்தான் அனுப்புகிறீர்கள் என்றால் டாக்குமெண்ட்டாக அனுப்புங்கள்.

ஒரே அளவில் வைத்த பிறகு, முழுப் படத்தையும் பார்க்காதீர்கள். ஒரு முகம், ஒரு எழுத்து, ஒரு ஓலை நுனி என்று சின்னத் துண்டாகப் பாருங்கள். என்னைக் கேட்டால் எல்லாவற்றையும் விட நம்பகமான அடையாளம் பிலிமின் கிரெயின்தான், அதாவது பிலிமில் மணல் தூவியதுபோலத் தெரியும் நுண்ணிய துகள்கள். வானம் போன்ற வெறுமையான இடத்தில் கிரெயின் தெளிவாக, படத்தின் நடுவிலும் நாலு மூலையிலும் ஒரே மாதிரி தெரிந்தால், ஸ்கேனர் பிலிமின் அடி வரைக்கும் போய்விட்டது என்று அர்த்தம். நடுவில் தெளிவாக இருந்து மூலையில் கரைந்து போனால் லென்ஸில் குறை இருக்கலாம், அல்லது பிலிம் வளைந்திருக்கலாம்.

நம் ஊர் ஈரக் காற்றில் இந்த வளைவை மறக்கவே கூடாது. டின்னில் சுருட்டி வைத்த பிலிம் தட்டையாக உட்காராது. கூல்ஸ்கேன் தானே ஃபோகஸ் பிடித்துக்கொள்ளும். எப்சன், பிளஸ்டெக் இரண்டிலும் ஃபோகஸ் மாறாது, பிலிம் சரியான உயரத்தில் இருந்தே ஆக வேண்டும். வி850 ஹோல்டரில் உயரத்தைக் கூட்டிக் குறைக்கலாம். அதைச் சரி செய்யாமல் எடுத்த ஒரு ஸ்கேனை வைத்துக்கொண்டு வி850 மோசம் என்று சொல்லிவிட முடியாது. சுருண்ட பிலிமை உறையில் போட்டு, கனமான புத்தகத்துக்கு அடியில் சில நாள் வைத்துவிட்டு எடுத்தாலே இரண்டு ஸ்கேனருக்கும் சம வாய்ப்பு கிடைக்கும்.

வெள்ளை வேட்டி, கறுத்த முகம்

கூர்மையை மட்டுமே பார்த்து முடிவெடுப்பவர்கள் தவறவிடுவது இந்தப் பகுதியை. நெகட்டிவில் எல்லாம் தலைகீழ். வெயிலில் பளீரென்று தெரிந்த வெள்ளை வேட்டி, நெகட்டிவில் மிகக் கறுப்பான, அடர்த்தியான இடம். ஸ்கேனரின் வெளிச்சம் அதற்குள் புகுந்து வர வேண்டும். இந்த அடர்த்தியை ஓர் எண்ணால் சொல்வார்கள். 3 என்றால் போன வெளிச்சத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு வெளியே வருகிறது, 4 என்றால் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. ஸ்கேனர் பெட்டியில் டிமேக்ஸ் 4.0 என்று போட்டிருப்பது இதைத்தான். டிபிஐ எண்ணைப் போலவே இதையும் அப்படியே நம்ப வேண்டாம்.

சாதாரண கலர் நெகட்டிவின் அடர்த்தி எந்த ஸ்கேனரையும் பெரிதாகத் திணறடிக்காது. திணற வைப்பவை ஸ்லைடுகளும் (தலைகீழாக இல்லாமல் நேராகவே படம் தெரியும் பிலிம்), உச்சி வெயிலில் எடுத்து அளவுக்கு மேல் டெவலப் செய்த கறுப்பு வெள்ளை நெகட்டிவுகளும். அதனால் நெகட்டிவை ஒப்பிடும்போது வேட்டி மடிப்பைப் பாருங்கள். மடிப்பின் நிழல்கள் மென்மையாகப் பிரிந்து தெரிகின்றனவா, வேட்டி வெறும் வெள்ளைத் திட்டாகிவிட்டதா, அங்கே புள்ளி புள்ளியாக இரைச்சல் இருக்கிறதா? ஸ்லைடு என்றால் தலைகீழாக, இருட்டான இடத்தை, மரத்தடி நிழலையும் கூந்தலையும் பாருங்கள்.

முகம் வேறு கதை. கறுத்த நிறத்தவரின் முகம் நெகட்டிவில் மெல்லிய, வெளிறிய பகுதியில் விழும். அங்கே விவரம் இருக்கும், ஆனால் ஒன்றுக்கொன்று மிக நெருக்கமான சாயல்களாக இருக்கும். சாப்ட்வேர் படத்தை 'பஞ்ச்' ஆக்குகிறேன் என்று தானாக இருட்டை இறுக்கினால் அந்தச் சாயல்கள் எல்லாம் ஒரே கறுப்பாகிவிடும். வெயிலில் நின்ற நம் ஆட்களின் முகங்கள் பழைய பிரிண்டுகளில் பல நேரம் கண்ணும் பல்லும் மட்டுமாகத் தெரிவதற்குக் காரணம் இதே மாதிரியான இறுக்கம்தான், பிலிமில் குறை இல்லை. அதனால் ஆட்டோ திருத்தங்களை நிறுத்திவிட்டு, 16 பிட்டில், டிஃப் (TIFF) கோப்பாக எடுத்து ஒப்பிடுங்கள். 8 பிட்டில் ஒரு நிறத்துக்கு 256 படிகள், 16 பிட்டில் 65,536. அந்தக் கூடுதல் படிகள் திரையில் நேராகத் தெரியாது. முகத்தை மெல்ல வெளிச்சமாக்கும்போது தோல் பட்டை பட்டையாகப் பிரியாமல் காப்பாற்றுபவை அவை.

நிறத்தைப் பற்றி நிறைய பேர் சண்டை போடுகிறார்கள். நான் அதற்கு அவ்வளவு இடம் தர மாட்டேன். கலர் நெகட்டிவின் மேல் ஓர் ஆரஞ்சு சாயம் இருக்கும். அதைக் கழித்து, படத்தைத் திருப்பிப் போடுவது சாப்ட்வேர். ஒரே ஸ்கேனரில் ஒரே நெகட்டிவை வியூஸ்கேன், சில்வர்ஃபாஸ்ட் என்ற இரண்டு ஸ்கேன் சாப்ட்வேரிலும் எடுத்தாலே சேலை இரண்டு நிறத்தில் வரும். ஆகவே நிறத்தை ஒப்பிட வேண்டுமானால் இரண்டு ஸ்கேனரையும் ஒரே சாப்ட்வேரில் ஓட்டுங்கள். இல்லையென்றால் நிறத்தைத் தீர்ப்பில் சேர்க்காதீர்கள், பிறகு திருத்திக்கொள்ளக் கூடிய விஷயம் அது.

தூசி அப்படியில்லை. சில ஸ்கேனர்கள் சாதாரண வெளிச்சத்தோடு அகச்சிவப்புக் கதிரையும் பிலிம் வழியாக அனுப்பும். கலர் பிலிமின் சாயங்கள் அந்தக் கதிரை விட்டுவிடும், தூசியும் கீறலும் தடுத்துவிடும். தடுத்த இடமெல்லாம் தூசி என்று கண்டுபிடித்து அக்கம்பக்கத்தை வைத்து நிரப்பிவிடும். டிஜிட்டல் ஐஸ் என்பது இதுதான். பிளஸ்டெக் 8200ஐ-யில் அந்த வசதி உண்டு, அதன் தம்பி 8100-ல் இல்லை. கூர்மையைச் சோதிக்கும்போது இதை நிறுத்தி வைத்துவிட்டு, பிறகு தனியாகப் போட்டுப் பாருங்கள். ஒரு டின் நிறைய நெகட்டிவ் இருக்கிறவருக்கு இது டிபிஐயை விடப் பெரிய விஷயம். கையால் ஒவ்வொரு புள்ளியாக அழித்துக்கொண்டிருந்தால் வேலை முடியவே முடியாது. ஆனால் பழைய கறுப்பு வெள்ளை நெகட்டிவில் இது உதவாது. அங்கே படமே வெள்ளித் துகள், அதுவும் கதிரைத் தடுக்கும், ஸ்கேனர் முகத்தையே தூசி என்று நினைத்துவிடும்.

கறுப்பு வெள்ளை என்றால் இன்னொன்றும் பார்க்க வேண்டும். ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் ஸ்டூடியோக்களிலும் பெட்டி கேமராக்களிலும் எடுத்த படங்கள் பல 35 மிமீயை விட அகலமான 120 பிலிமில் இருக்கும். 6க்கு 6 அளவில் ஒரு படம் 56 மிமீ சதுரம். பிளஸ்டெக் 8200ஐ-க்குள் அது நுழையவே நுழையாது, 35 மிமீ மட்டும்தான். கூல்ஸ்கேன் 5000-மும் அப்படியே. இங்கேதான் இவ்வளவு நேரம் குறைவாகப் பேசப்பட்ட எப்சனுக்கு மரியாதை. வி850-ன் 2300 டிபிஐயில் 56 மிமீ சதுரம் 25 மெகாபிக்சலைத் தாண்டும். வி600-ன் 1600-க்கே 12 மெகாபிக்சல் வந்துவிடும்.

35 மிமீ மட்டும் இருக்கிறவர்கள் எவ்வளவு பெரிய பிரிண்ட் போடப் போகிறோம் என்பதை வைத்து முடிவு செய்யலாம். அங்குலத்துக்கு 300 புள்ளி என்று கணக்கு வைத்தால், வி600 தரும் விவரம் 4ஆர் (4க்கு 6 அங்குலம்), 5ஆர் (5க்கு 7) பிரிண்டுக்குப் போதும். வி850 8ஆர் (8க்கு 10) பக்கம் வந்துவிடும். கூல்ஸ்கேன் 12க்கு 18 அங்குலம் வரை தாங்கும். ஆல்பத்துக்கு மட்டும் என்றால் வி600 போதும் என்று தைரியமாகச் சொல்வேன். குரூப் போட்டோவில் ஒவ்வொருவரையும் அடையாளம் கண்டு பெயர் எழுதி வைக்க வேண்டும் என்பவர்களுக்குப் போதாது.

வீட்டில் 24 மெகாபிக்சல் கேமராவும், மிக நெருக்கத்தில் படம் எடுக்கும் மேக்ரோ லென்ஸும் இருந்தால் நெகட்டிவுக்குப் பின்னால் நல்ல வெள்ளை வெளிச்சம் வைத்துப் படம் எடுக்கும் வழியும் உண்டு. 36 மிமீ அகலத்தை 6000 புள்ளிகளில் நிரப்பினால் கணக்குப்படி 4200 டிபிஐக்கு மேல். லென்ஸும் ஃபோகஸும் சரியாக இருந்தால் பிளஸ்டெக்கோடு தோளுக்குத் தோள் நிற்கும், வேகமும் அதிகம். அகச்சிவப்புத் தூசி நீக்கம் மட்டும் இதில் கிடையாது. ஆகவே எடுப்பதற்கு முன் ஒவ்வொரு நெகட்டிவையும் காற்றுப் பம்பால் ஊதிவிட்டு வையுங்கள். துணியால் துடைக்காதீர்கள், பூஞ்சை பிடித்த பிலிமில் மேற்பூச்சு துணியோடு வந்துவிடும்.